எலியும் தானியமும் கொள்ளைநோயும்

கொள்ளைநோய் என்றும் பிளேக் என்றும் வழங்கும் வியாதி மனிதனைப் பற்றுமுன் எலியைப் பற்றுகின்றது. எலியோ தானியம் உள்ள இடத்தை நாடுகின்றது. ஆதலின் இந்நோயின் வரலாறு பெரும்பாலும் தானியக் கிடங்கின் வரலாறேயாகும். தர்மபுரி நகருக்குத் தெற்கே சேலம் செல்லும் சாலையில் அமைந்த அதியமான்கோட்டையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் விளையும் பூமியாம். விளைந்ததைக் குதிரிலும் மூட்டையிலும் சேர்த்து வைக்கும் குடும்பங்களுக்கும், தானியத்தைக் கிடங்கில் ஏற்று ஈட்டின்மேல் கடன் வழங்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இப்பாடம் உரியது. இதனைக் கற்பதன் பயன் ஒன்றே: எலி செத்து விழுந்தால் அதனை மறையாது உடனே அறிவிக்க வேண்டும் என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் காரணத்துடன் உணர்தல்.

1. நோய் வந்த வழி

1894 ஆம் ஆண்டில் ஹாங்காங் துறைமுகத்தில் பரவிய பிளேக், 1896 ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்தது. அங்கு முதலில் அது தோன்றிய இடம் மாண்டவி என்னும் துறைமுகப் பகுதி. தானியக் கிடங்குகளும் நெருக்கமான வீடுகளும் நிறைந்த இடம் அது. பம்பாயிலிருந்து ரயில் வழியாக உள்நாடெங்கும் நோய் சென்றது. 1898 ஆகஸ்டில் பெங்களூரில் தோன்றி, மைசூர்ச் சீமையில் பரவி, எல்லை கடந்து அக்காலத்துச் சேலம் ஜில்லாவின் வடபகுதியாகிய ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கங்களிலும் புகுந்தது. தர்மபுரி அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1965 அக்டோபர் 2 ஆம் நாளில்தான் தனி ஜில்லாவாயிற்று.

கோயம்புத்தூர், நீலகிரி, கம்பம் பள்ளத்தாக்கு முதலிய இடங்களும் இந்நோயால் துன்புற்றன. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரால் இன்றும் கோயில் விளங்குவது, மக்கள் பட்ட அச்சத்திற்குச் சான்று. 1907 ஆம் ஆண்டில் மாத்திரம் இந்தியாவில் பத்து லட்சத்திற்கு மேற்பட்டோர் இந்நோயால் மாண்டனர். ஆயினும் சென்னை நகரம் பெரும்பாலும் தப்பியது. துறைமுகமும் ரயிலும் சனநெருக்கமும் பம்பாயைப் போலவே சென்னைக்கும் இருந்தன. பின்னர் அது தப்பியது எவ்வாறு? இவ்வினாவுக்குரிய விடை, நோய் பரவும் முறையை அறிந்த பின்னரே விளங்கும்.

2. நோயின் காரணம்

ஹாங்காங்கில் 1894 ஆம் ஆண்டில் எர்சின் என்னும் மருத்துவர், இறந்தோரின் உடலில் கட்டியிருந்த நெறியிலிருந்து நீரெடுத்துப் பூதக்கண்ணாடியில் நோக்கி, நுண்ணிய கிருமிகள் அடர்ந்திருப்பதைக் கண்டார். ஜப்பானிய அறிஞர் கிதசாதோவும் அவ்வூரில் அதே காலத்தில் ஆராய்ந்தார். எர்சினின் பெயரையொட்டி அக்கிருமி இன்று எர்சினியா பெஸ்டிஸ் எனப்படுகின்றது. செத்த எலிகளின் உடலிலும் எர்சின் அக்கிருமியைக் கண்டார். ஆகவே எலி நோயும் மனித நோயும் ஒன்றே என்பது தெளிவாயிற்று.

எலியின் உடலிலுள்ள கிருமி மனித உடலுக்கு வரும் வழி மட்டும் விளங்கவில்லை. காற்றால் வருகிறது என்றனர் சிலர். மண்ணாலும் அழுக்காலும் வருகிறது என்றனர் சிலர். 1898 ஆம் ஆண்டில் கராச்சியில் சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஒரு சோதனை செய்தார். தெள்ளுப்பூச்சிகள் பற்றிய நோயுற்ற எலியை ஒரு பெரிய கண்ணாடிச் சாடியில் இட்டார். அது இறக்குந் தறுவாயில், நலமான வேறோர் எலியைக் கம்பிக்கூட்டில் அடைத்து அதே சாடியில் வைத்தார். இரண்டும் ஒன்றையொன்று தீண்ட இயலாது; தெள்ளு மாத்திரம் கம்பியின் இடைவெளியில் புகலாம். சில நாட்களுள் நலமான எலியும் பிளேக்கால் இறந்தது. தெள்ளு இல்லாத நோயெலியுடன் வைத்த எலிக்கு நோய் வரவில்லை.

சிமோனின் முடிவைப் பல ஆண்டுகள் பெரும்பாலோர் மதிக்கவில்லை. 1905 முதல் பம்பாயில் பணி செய்த பிளேக் ஆராய்ச்சிக் குழுவினர் அதனை ஐயமற நிறுவினர். எலிகள் செத்த இடங்களில் சீமைப் பெருச்சாளி என்னும் கினிப்பன்றிகளைக் கூட்டில் வைத்தனர். தரைக்கு மிக அருகில் இருந்தவை நோயுற்றன. தரைக்கு இரண்டடி உயரத்தில் தொங்கவிடப்பட்டவை நோயுறவில்லை. இரண்டு கூடுகளுக்கும் காற்று ஒன்றே. தெள்ளு அவ்வளவு உயரம் தாவ மாட்டாது என்பதே வேற்றுமை. மாசுற்ற காற்றே நோய்க்குக் காரணம் என்னும் கொள்கை இவ்வாறு வீழ்ந்தது.

3. பரவும் விதம்

நோயுற்ற எலியின் இரத்தத்தைக் குடித்த தெள்ளின் வயிற்றில் கிருமிகள் பெருகி, உணவு செல்லும் வழியை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட தெள்ளு பசி தீராமல் மீண்டும் மீண்டும் கடிக்கின்றது. குடித்த இரத்தம் உட்செல்லாது கிருமியுடன் திரும்பிக் கடிவாயில் பாய்கின்றது. எலி இறந்தவுடன் அதன் உடல் குளிர்கின்றது. குளிர்ந்த உடலில் தெள்ளு தங்காது. வேறோர் எலியைத் தேடும். எலிகளெல்லாம் மாண்டபின் அருகில் படுத்துறங்கும் மனிதனைக் கடிக்கும். ஆகவே முதலில் எலி விழுதல், அதன் பின்னரே மனிதர் நோயுறுதல் என்னும் முறையில் இந்நோய் நிகழ்கின்றது. இவ்விடைக்காலமே ஊரைக் காக்கக் கிடைக்கும் அவகாசமாகும்.

எல்லாத் தெள்ளும் இத்தொழிலில் வல்லவையல்ல என்பது அடுத்து அறியத்தக்கது. இலங்கையில் 1914 ஆம் ஆண்டில் கொழும்பு நகரத்தில் பிளேக் தோன்றியபோது, நகராண்மைக் கழகத்தின் கிருமியியல் அறிஞராகிய ஹர்ஸ்ட் எலித்தெள்ளுகளைச் சேர்த்து ஆராய்ந்தார். தானியக் கிடங்குகள் உள்ள பகுதியில் கியாப்பிஸ் என்னும் இனமும், குடியிருப்பு வீடுகளில் ஆஸ்டியா என்னும் இனமும் மிகுதியாக இருக்கக் கண்டார். பிளேக் சூழ்ந்தது கிடங்குகளைச் சார்ந்த பகுதியையே. ஆஸ்டியா இனம் நோயைக் கடத்துவதில் வலிமை குன்றியது. சென்னை நகரத்திலும் கரையோர ஊர்களிலும் ஆஸ்டியாவே மிகுதி. மைசூர் மேட்டுநிலத்திலும் அதனை ஒட்டிய உள்நாட்டு ஜில்லாக்களிலும் கியாப்பிஸ் உண்டு. சென்னை தப்பியதற்கும் மேட்டுநிலம் துன்புற்றதற்கும் இது முதற் காரணமாகக் கூறப்படுகின்றது. வெப்பமும் வறட்சியும் மிகுந்தால் தெள்ளு நெடுநாள் வாழாது. மேட்டுநிலத்தின் குளிர்ச்சியோ அதற்கு உகந்தது. பிளேக் கோடையில் தணிந்து குளிர்காலத்தில் எழுந்ததற்கும் காரணம் இதுவே.

இதிலிருந்து தானிய வியாபாரத்தின் பங்கு விளங்கும். தெள்ளு தன் முட்டையைத் தரையின் தூசியில் இடுகின்றது. அதன் புழு தவிட்டுத் தூளும் குப்பையும் கலந்த இடத்தில் நன்கு வளர்கின்றது. வளர்ந்த தெள்ளு எலியின்றியும் மூட்டையில் பல நாள் உயிர் தாங்கும். எலி தானே நெடுந்தூரம் நடப்பதில்லை. வண்டியிலும் ரயிலிலும் ஏறிய மூட்டைகளுடன் எலியும் தெள்ளும் ஊர் கடந்தன.

நெறி கட்டும் பிளேக் ஒரு மனிதனிடமிருந்து மற்றொரு மனிதனுக்கு எளிதில் தொற்றுவதில்லை. ஆனால் கிருமி நுரையீரலைப் பற்றினால் நிலைமை வேறு. அப்போது இருமலில் தெறிக்கும் துளிகள் மூலம் எலியும் தெள்ளும் இல்லாமலே நோய் பிறருக்குப் பரவும். இதுவே நுரையீரல் பிளேக், இருவகையுள் கொடியது.

4. பலவந்தமும் மறைவும்

நோயின் வழி தெரியாத காலத்தில் அரசாங்கம் எடுத்த நடவடிக்கைகள் மனிதனையே குறியாகக் கொண்டன. 1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டப்படி வீடுகளில் நுழைந்து சோதித்தல், நோயாளரை முகாமுக்குக் கொண்டு செல்லுதல், உடைமைகளை எரித்தல் ஆகியவை நடந்தன. சென்னை மாகாணத்திலோ நோயுள்ள இடத்திலிருந்து வரும் பிரயாணிகளுக்குப் பிளேக் பாஸ்போர்ட் வழங்கி, அவர்கள் சேர்ந்த ஊரில் சில நாட்கள் அதிகாரிகளிடம் உடலைக் காட்டிவருமாறு செய்தனர். பூனாவில் சோதனையின் கடுமையால் மக்கள் கொதித்தனர்; பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டார்.

இக்கடுமையின் விளைவு மறைவு. நோயாளியை ஒளித்தனர், பிணத்தை இரவில் அடக்கினர், செத்த எலியை அடுத்த வீட்டுப் புறக்கடையில் எறிந்தனர். மறைத்தவர் தீயோர் அல்லர். அறிவித்தால் வீடும் பொருளும் போகும் என்று அஞ்சியவர். ஆயினும் அவ்வச்சத்தால் நோய் மேலும் பரவிற்று.

இதற்கு மாறாகக் கிராமத்தார் அநுபவத்தால் கண்ட முறை ஒன்றுண்டு. எலி விழுந்ததும் ஊரைக் காலி செய்து, தோட்டங்களில் குடிசை போட்டுச் சில மாதம் வாழ்ந்தனர். தெள்ளைப் பற்றிய அறிவு இல்லாமலே அவர்கள் செய்த இது, பிற்கால ஆராய்ச்சிக்குப் பொருந்தியதே. எலியும் தெள்ளும் உள்ள வீட்டை விட்டு நீங்கினால் நோய் தொடராது. ஆனால் தானிய மூட்டையையும் உடன் கொண்டு சென்றவர் தெள்ளையும் உடன் கொண்டு சென்றனர்.

5. அறிகுறிகளும் பரிசோதனையும்

தெள்ளு கடித்த இரண்டு முதல் ஆறு நாட்களுள், பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி, குளிருடன் கடுஞ்சுரம் காணும். தலைவலியும் மிகுந்த சோர்வும் உண்டாகும். தொடையிடுக்கிலோ அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டி வீங்கும். தொடவும் பொறுக்காத வலி இருக்கும். காலில் தெள்ளு கடிப்பது மிகுதியாதலின் தொடையிடுக்கில் கட்டுவதே பெரும்பான்மை. நுரையீரல் பிளேக்கில் மூச்சுத் திணறலும் இருமலும் இரத்தங் கலந்த சளியும் காணும்.

நெறி கட்டியதெல்லாம் பிளேக் ஆகாது. காலில் புண் இருந்தாலும் நெறி கட்டும். அருகில் எலிகள் செத்திருந்து, கடுஞ்சுரமும் வலியுள்ள நெறியும் சேர்ந்து கண்டால் ஐயுறல் வேண்டும். ஐயத்தைத் தீர்ப்பது மருத்துவரின் வேலை. நெறியிலிருந்து ஊசியால் நீரெடுத்துச் சாயமேற்றிப் பார்த்தால், இரு முனையும் கறுத்து நடு வெளுத்த கிருமிகள் தோன்றும். இரத்தத்தையும் சளியையும் பரிசோதனைச் சாலையில் வளர்த்துப் பார்த்து நோயை உறுதி செய்வர். நெறியை வீட்டில் கீறுதலும் சூடு போடுதலும் ஆகா; கிருமி உள்ள நீர் பிறர்மேல் பட இடமாகும்.

6. சிகிச்சை

ஹாஃப்கின் என்னும் அறிஞர் 1897 ஜனவரியில் பம்பாயில் பிளேக் தடுப்பு மருந்தைத் தம் உடலிலேயே முதலில் குத்திக்கொண்டு சோதித்தார். அம்மருந்து பலருடைய உயிரைக் காத்தது. ஆயினும் நோய் வந்தபின் அதனைத் தீர்க்கும் மருந்து நெடுங்காலம் இல்லை. சிகிச்சையில்லாத நெறிப் பிளேக்கில் நூற்றுக்கு முப்பது முதல் அறுபது பேர் வரை இறப்பர். நுரையீரல் பிளேக்கில் சிகிச்சையின்றிப் பிழைப்பவர் அரியர்.

1940 களில் சல்பா மருந்துகளும் ஸ்ட்ரெப்டோமைசினும் வந்தபின் நிலைமை மாறிற்று. இன்று ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், டாக்சிசைக்கிளின் முதலிய மருந்துகளால் இந்நோய் குணமாகின்றது. பென்சிலின் இதற்குப் பயன்படாது. ஆகவே கடையில் கேட்டு ஏதேனும் ஒரு மாத்திரையை வாங்கி விழுங்குதல் காலத்தை வீணாக்குவதாகும். காலமே இங்கு பெரும் பொருள். நுரையீரல் பிளேக்கில் சுரம் கண்ட ஒரு நாளுக்குள் மருந்து தொடங்காவிடில் உயிர் பிழைத்தல் அரிது. நோயாளியுடன் நெருங்கிப் பழகியவர்க்கும் மருத்துவர் முன்கூட்டியே மருந்து கொடுப்பர். நோயாளியைத் தனி அறையில் வைத்து, அவரும் பணிவிடை செய்வோரும் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளல் வேண்டும்.

7. நோய் ஒழிந்ததா?

டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகளும் புதிய மருந்துகளும் வந்தபின் பிளேக் தணிந்தது. 1966 ஆம் ஆண்டுக்குப் பின் இந்தியாவில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்நோய் உறுதியாகக் காணப்படவில்லை. மக்கள் அதனை மறந்தனர்.

மறந்த நோய் மீண்டது 1994 ஆம் ஆண்டில். மகாராஷ்டிரத்தின் பீட் ஜில்லாவில் மாம்லா என்னும் கிராமத்தில் ஆகஸ்டில் நெறிப் பிளேக் தோன்றிற்று. முந்திய ஆண்டு செப்டம்பர் 30 ஆம் நாள் லாத்தூரில் நேர்ந்த நிலநடுக்கத்திற்கு அஞ்சி அப்பக்கத்துக் கிராமத்தார் வீடுகளை விட்டு வெளியே தங்கினர். ஆளற்ற வீடுகளில் சேமித்திருந்த தானியத்தை உண்டு எலிகள் பெருகின. மக்கள் திரும்பியபோது அவற்றின் தெள்ளு காத்திருந்தது. ஆராய்ந்தோர் பலர் கூறும் காரணம் இதுவே. அடுத்த மாதம் சூரத் நகரத்தில் நுரையீரல் பிளேக் என்ற செய்தி பரவ, லட்சக்கணக்கானோர் ஊரை விட்டோடினர். அவ்வாண்டில் நாடு முழுவதிலும் இறந்தவர் ஐம்பத்துச் சொச்சம் பேரேயாயினும், அச்சத்தாலும் வியாபார முடக்கத்தாலும் நேர்ந்த நஷ்டம் பெரிது. 2002 இல் இமாசலப் பிரதேசத்திலும், 2004 இல் உத்தரகாசி ஜில்லாவின் ஒரு கிராமத்திலும் சிலர் நோயுற்றனர். விரைவில் கண்டறிந்ததால் அவ்விடங்களிலேயே அடங்கிற்று.

கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மூன்றும் கூடும் எல்லைப்புறம், காட்டெலிகளிடையே கிருமி தங்கியிருக்கக்கூடிய இடமெனக் கருதப்பட்டுப் பல ஆண்டுகளாகக் கண்காணிக்கப்பட்டு வந்துள்ளது. பெங்களூரிலுள்ள பிளேக் கண்காணிப்புப் பிரிவினர் எலிகளின் இரத்தத்தையும் நாய்களின் இரத்தத்தையும் எடுத்துச் சோதிப்பர். நாய் எலியைத் தின்னும். பெரும்பாலும் நோயால் இறவாது. ஆனால் நோயின் அடையாளம் அதன் இரத்தத்தில் தங்கும். வயல்வெளியில் வாழும் வெள்ளெலியிடமிருந்து வீட்டெலிக்கும், வீட்டெலியிடமிருந்து மனிதனுக்கும் நோய் வருவதே வழி. இந்த வழியை அடைக்கும் இடம் தானியக் கிடங்கு.

8. சங்க அங்கத்தினர் செய்யத்தக்கவை

எலி மூன்று வார கர்ப்பத்தில் ஆறு எட்டுக் குட்டிகளை ஈனும். அக்குட்டிகள் சில மாதத்தில் தாமும் ஈனும். ஒரு வீட்டார் மட்டும் எலி பிடித்தால் அடுத்த வீட்டு எலி அவ்விடத்தை நிரப்பும். ஆதலின் இது தனியொருவர் செய்து முடிக்கும் காரியமன்று, கூட்டுறவுக்கே உரியது.

கிடங்கின் தரையும் சுவரடியும் கெட்டியாகப் பூசப்பட்டிருத்தல் வேண்டும். மூட்டைகளைத் தரையில் அடுக்காது, பலகைமேல், சுவரிலிருந்து இரண்டடி விலக்கி அடுக்குக. கதவின் அடிப்புறத்தில் தகரம் அடித்து, அரை அங்குலத்திற்கு மேல் இடைவெளியில்லாமற் செய்க. சிந்திய தானியத்தையும் தவிட்டுத் தூளையும் நாள்தோறும் கூட்டி அகற்றுக. வெளியூரிலிருந்து வரும் பழைய சாக்குகளை வெயிலில் நன்கு காயவைத்துத் தட்டிய பின்னரே உள்ளே கொண்டுவருக.

காரணமறியாது எலிகள் செத்துக் கிடந்தால் கையால் தொடலாகாது; வாலைப் பிடித்துத் தூக்கி எறியவும் ஆகாது. பிள்ளைகளையும் நாய் பூனைகளையும் விலக்கி, அதன்மேலும் சுற்றிலும் பூச்சிக்கொல்லிப் பொடியைத் தூவி, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அறிவிக்க. அவ்வேளையில் எலிப்பாஷாணம் வைப்பதற்கு அவசரப்படலாகாது. முதலில் தெள்ளு, பின்னரே எலி என்பது விதி. தெள்ளை அழிக்காமல் எலியைக் கொன்றால், இருக்க இடமற்ற தெள்ளுகளனைத்தும் மனிதன்மேல் பாயும்.

இவற்றுள் மிக அரியது அறிவித்தலே. தன் வீட்டில் எலி விழுந்ததென ஓர் அங்கத்தினர் சொல்லத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. தன் கேழ்வரகை எவரும் வாங்கார், ஈட்டுக்கடன் கிடையாது, உறவினரும் வாசலில் நில்லார் என்று அவர் அஞ்சுவார். சங்கம் முன்னதாகவே பொதுக்கூட்டத்தில் தீர்மானம் செய்து, அறிவித்தவரின் தானியத்தைத் தனியே வைத்துச் சுத்தி செய்து ஏற்பதாகவும், அவர் கடன் தவணைக்கு அவகாசம் தருவதாகவும் உறுதி கூறினால் அவ்வச்சம் நீங்கும். பூனாவில் அரசாங்கம் பலவந்தத்தால் பெற முடியாததைக் கிராமத்தில் சங்கம் நம்பிக்கையால் பெறலாம். பிளேக் வாராவிடினும் இம்முயற்சி வீண் போகாது. எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. எலி தின்று அழிக்கும் தானியமோ உழவர் ஒவ்வோராண்டும் கண்ணாரக் காணும் நஷ்டம்.

பாட வினாக்கள்

1. தரைக்கு அருகிலிருந்த கூட்டிலும், இரண்டடி உயரத்தில் தொங்கிய கூட்டிலும் நடந்த சோதனையால் அறிவது யாது?
2. சென்னை நகரம் பிளேக்கிலிருந்து பெரும்பாலும் தப்பியதற்கும், மேட்டுநில ஊர்கள் துன்புற்றதற்கும் காரணம் கூறுக.
3. எலிப்பாஷாணம் வைக்குமுன் தெள்ளை அழிக்க வேண்டியது ஏன்?
4. உமது சங்கக் கிடங்கில் எலி புகும் வழிகள் எத்தனை? நேரிற் பார்த்து எழுதி, அடுத்த கூட்டத்தில் படிக்க.
5. தன் வீட்டில் எலி விழுந்ததை ஓர் அங்கத்தினர் அச்சமின்றி அறிவிக்க, சங்கம் எத்தகைய தீர்மானம் செய்யலாம்?